சமையலறை வரைக்கும் போய்ப் பாருங்கள்

(மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. மனச்சிதைவு நோய். குளோசபின் மாத்திரையில் அமைதியாக இருக்கிறான். இத்தனை நாள் அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா தை மாதம் தவறிவிட்டார். என் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் ஒரு மனநல இல்லத்தைப் போய்ப் பார்த்தோம். முன்னறை பளபளவென்று இருந்தது, நன்றாகப் பேசினார்கள். உள்ளே மட்டும் விடவில்லை. "வேண்டாம்மா, புது ஆளைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள்" என்றார்கள். நம்பி விடலாமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: விடாதீர்கள் அம்மா. உள்ளே காட்டாத இடத்தில் தம்பியை விட வேண்டாம்.

என் அனுபவத்தில் வார்டுக்குள் புது ஆள் வந்தால் பெரும்பாலும் யாரும் மிரள்வதில்லை. ஓடி வந்து "எந்த ஊர்? பிஸ்கட் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் படுத்திருக்கும்போது அறைக்குள் நுழைய வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் அது நியாயம். ஆனால் கழிவறையையும் சமையலறையையும் காட்ட என்ன தடை?

இன்னொரு இல்லம் பார்க்கும்போது சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். நான் முதலில் பார்ப்பது குளியலறையைத்தான். சோப்பு இருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா? காய்ந்து வெடித்த சோப்பு என்றால் அங்கே யாரும் குளிக்கவில்லை. ஆளுக்கொரு பல்துலக்கி, பெயர் எழுதி இருக்கிறதா? உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க வர வேண்டும். அப்புறம் அங்கே இருப்பவர்களின் கால்களைப் பாருங்கள். கணுக்காலில் கறுத்த தழும்பு தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆகவே ராத்திரி வேலை பார்ப்பவரிடமே கேளுங்கள்: "இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் இந்தக் கதவுச் சாவி யாரிடம் இருக்கும்?" யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டாக வேண்டும். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எல்லாம் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் ஏறினால் இவர்களை எங்கே கொண்டுபோவார்கள், எத்தனை நாள் மாத்திரை கையிருப்பு இருக்கும்? தம்பியின் மாத்திரைக்கு இது மிக முக்கியம். குளோசபின் திடீரென்று நின்றால் நோய் வேகமாகத் திரும்பலாம். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கவும் கூடாது, மருத்துவர் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றுவார்.

அந்த மாத்திரைக்கு வெள்ளை அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை தொடர்ந்து நடக்க வேண்டும். கூடவே அந்த மாத்திரையால் வரும் மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் குடலே அசையாமல் போய் உயிருக்கு ஆபத்தான கதையெல்லாம் உண்டு. "இவர் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்?" என்று கேட்டால் சொல்லத் தெரிந்த ஊழியர் இருக்கிற இடம் நல்ல இடம். மருந்து நோட்டை வாங்கிப் பாருங்கள். பெயர், நேரம், கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு மாதத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். கடலூர் மாவட்டம் என்றால் அதைத் தருவது தமிழ்நாட்டு மனநல ஆணையம். முள்ளோடை தாண்டிவிட்டால் புதுச்சேரி, அங்கே ஆணையம் வேறு. "டிரஸ்ட் பதிவு இருக்கிறது" என்பது இதற்குப் பதிலாகாது.

சரி, தம்பியிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அமைதியாக இருப்பவர், பேசினால் புரிந்துகொள்வார். கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவரே சாப்பிட்டுப் பார்க்கட்டும். தன் சார்பில் பேச ஒருவரை எழுத்தில் நியமிக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் விரும்பினால் அது நீங்களாக இருக்கலாம். போனில் பேசவும், வந்து பார்ப்பவர்களைச் சந்திக்கவும் அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. "மூன்று மாதம் பார்க்க வராதீர்கள், பழகட்டும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மனநல இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பேன் என்று சொல்லி மொட்டை அடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நிற நைட்டி. தட்டிக்கேட்டால் "கூட்டிப்போங்கள்" என்பார்களோ என்று பயம்.
- வாசகர், வில்லியனூர்

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கட்டாய மொட்டையை, மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. விரும்பினால் சொந்தத் துணி உடுத்தவும் உரிமை உண்டு. பேனுக்கு பெர்மெத்ரின் லோஷன் இருக்கிறது. போட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி போட்டு, பேன் சீப்பால் வாரினால் போதும். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வரும்.

முதலில் பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் மனநல சீராய்வு மன்றத்துக்கும், பிறகு மாநில மனநல ஆணையத்துக்கும் எழுதுங்கள். மன்றத்தின் முகவரியும் போன் எண்ணும் இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். இலவசச் சட்ட உதவியும் அம்மாவுக்கு உண்டு. வழி தெரியாமல் மனது தவித்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை போகும்போது அம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டு புடவை, ஓரத்தில் பெயர் தைத்து எடுத்துப்போய், ஊழியர் முன்னாலேயே அவர் கையில் கொடுங்கள்.