மலையில் திட்டம் வரும்போது எப்படி ஆட்சேபிப்பது? நீலகிரிக்காரர்கள் கேட்டவை

கோத்தகிரி: ஐயா, ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சாலை காட்டியிருக்கிறார்கள். என்ன செய்வது?

1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். நேரில் பேச வேண்டுமென்றால் அதையும் மனுவிலேயே கேளுங்கள். 'சாலை வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்குப் பிடி கிடைக்காது. புல எண், சரிவு, மழைநீர் இறங்கும் பக்கம், 2009 நவம்பர் மழையில் அங்கே மண் சரிந்ததா, மாற்றுப் பாதை எது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

குன்னூர்: பட்டா பெயர் மாற்றம்?

வட்டாட்சியர் அலுவலகம்.

ஊட்டி: அதிகாரியிடம் வாயால் சொல்லிவிட்டேன், போதாதா?

போதாது. எழுத்து, முத்திரை, தேதி.

குந்தா: நீரேற்று மின்திட்டம் (தண்ணீரை மேலே ஏற்றி, பிறகு இறக்கி மின்சாரம் எடுப்பது) என்றதும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் பேச வருகிறார்கள். நிலம் போவது எங்களுக்கு. அவர்களுக்கு என்ன வேலை?

கோவை: குந்தா ஆறு பவானியில்தானே சேர்கிறது? பவானியின் பில்லூர் அணைத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாங்கள்.

குந்தா: குடியுங்கள், எங்கள் மேடையை விடுங்கள்.

இருவருக்கும் இடம் இருக்கிறது, சண்டை வேண்டாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கானது. அக்கறையுள்ள மற்றவர்கள் எழுத்தில் அனுப்பலாம். கோவைத் தம்பி, தண்ணீர்க் கணக்கை விரிவாக எழுதி அனுப்புங்கள். மைக்கைக் குந்தா மக்களிடம் விடுங்கள். குந்தாக்காரர்களே, அந்தக் கணக்கு உங்களுக்கும் பலம்தான், தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று: இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை கிடையாது. புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். கடைசியில் பேச்சின் சுருக்கத்தை மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அப்போதே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.

கூடலூர்: கிராம சபைத் தீர்மானம் போட்டால் முழுமைத் திட்டம் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. நகலை மனுவோடு இணையுங்கள், எடை கூடும். ஊராட்சிகளில்தான் கிராம சபை, பேரூராட்சியில் இல்லை.

அரவேணு: ஃபோனில் சொன்னால் பதிவாகுமா?

மேலே படியுங்கள். எழுத்து, முத்திரை, தேதி.

கேத்தி: கெடு முடிந்துவிட்டது ஐயா.

இருந்தாலும் கொடுத்து வையுங்கள். ஐந்தாண்டுக்கொரு முறை திட்டத்தை மறுஆய்வு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, அப்போது அந்த நகலோடு போய் நில்லுங்கள்.