பலகைக்குள் ஈரத்தை எக்ஸ்ரேயில் பார்க்கும் படிப்பு: பினாங்கு மாநிலப் பிறையிலிருந்து எழுதிய தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. எஸ்.டி.பி.எம். எனும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வில், இயற்பியலில் ஏ வாங்கிய மகள், பலகைக்குள் ஈரம் எப்படிப் போகிறது என்று எக்ஸ்ரேயில் ஆராயப் போகிறேன் என்கிறாள். இது படிப்பா, மரக்கடை வேலையா என்பது முதல் பயம். எக்ஸ்ரே பக்கத்திலேயே நின்றால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது அடுத்தது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விதான் முடிவெடுக்க உதவும்: ஒரே துண்டுப் பலகையை இருபது நாள் விடாமல் எடை போட்டு எழுதும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா?

உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய் கசிந்த இடத்தில் சிப்போர்டு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பியிருக்கும். ஈரம் எந்த வழியாக உள்ளே போனது, வெட்டிய ஓரத்திலா, திருகாணித் துளையிலா? ஊசி குத்தும் ஈரமானி குத்திய இடத்தை மட்டும் சொல்லும். ஓவனில் காயவைத்து எடை போட்டால் மொத்த ஈரம் தெரியும், இடம் தெரியாது. இடத்தைக் காட்டுவது எக்ஸ்ரே. பலகை தயாரிப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் அந்த இடம் தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று புரியும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மகளிடம் இதைக் காட்டுங்கள், அவளுக்குப் புரியும். 5 சென்டிமீட்டர் சதுரமும் 18 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) துண்டு. 103 டிகிரி செல்சியஸில், எடை இனி குறையாது என்னும் வரை காயவைத்தால் 29.00 கிராம். ஈரமாக இருந்தபோது 32.48 கிராம். வித்தியாசம் 3.48 கிராம், அதை உலர் எடையால் வகுத்தால் ஈரம் 12 விழுக்காடு. அந்த நீர் 25 சதுர சென்டிமீட்டரில் பரவியிருப்பதால், தடிமன் வழியாகப் போகும் கதிருக்கு அது 1.4 மில்லிமீட்டர் நீர்ப்படலம் மாதிரிதான். 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரே கதிர் அதைக் கடக்கும்போது சுமார் 5 விழுக்காடு மட்டுமே குறையும். மரமும் நீரும் எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி லேசானவை. அதனால்தான் குறைந்த மின்னழுத்தத்தில், பல படங்களைச் சராசரி எடுத்து, ஈரப் படத்தை உலர்ந்த படத்தோடு ஒப்பிட்டு, விகிதத்தின் மடக்கையை எடுக்கிறார்கள்.

தவறு வரும் இடமும் இதுதான். இரண்டு படங்களுக்கு நடுவே எக்ஸ்ரே குழாயின் வெளிப்பாடு ஒரே ஒரு விழுக்காடு நகர்ந்தாலும், ஈரக் கணக்கு இந்தத் துண்டில் 2.3 புள்ளி பிசகும். 12 என்பது 14.3 ஆகிவிடும், படமோ பார்க்க அழகாகவே இருக்கும்! ஆகவே ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மாறாத ஒரு அலுமினியப் படிக்கட்டுத் துண்டை (படிப்படியாகத் தடிமன் கூடும் துண்டு) வைத்து, அதை வைத்தே படத்தைச் சரிசெய்ய வேண்டும். குழாயும் சூடேறி நிலைப்பட வேண்டும். போட்டவுடன் படம் எடுக்கக்கூடாது.

அடுத்தது வீக்கம். கதிர் தடிமன் வழியாகப் போனால், பலகை தடித்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் உள்ள மரத்தின் அளவு பெரிதாக மாறாது, கணக்கு தப்பிக்கும். பக்கவாட்டில் அனுப்பினால் கதை வேறு. எம்.டி.எஃப். பலகையின் மேல்-கீழ்ப் பரப்புகள் நடுப்பகுதியைவிட அடர்த்தியானவை. பலகை அரை மில்லிமீட்டர் வீங்கியதும் அந்த அடர்ந்த பட்டை இடம் மாறும். உலர்ந்த படத்தோடு அப்படியே ஒப்பிட்டால் ஈரமே இல்லாத இடத்தில் ஈரப் பட்டை தெரியும். புதிதாக வருபவர்கள் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து எழுதிவிடுவார்கள். இரண்டு படங்களையும் முதலில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த வேண்டும், அதற்குப் பிறகே ஒப்பிடலாம்.

நம் ஊர்க் காற்றும் சும்மா இருக்காது. ஓவனிலிருந்து எடுத்த துண்டை மேசையில் ஆறவைத்தால், ஆறும் நேரத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடியில்தான் ஆறவிட வேண்டும். நனைக்கக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். உப்பு கலந்திருந்தால் அதுவும் கதிரைத் தடுத்து ஈரத்தைக் கூட்டிக் காட்டும். பல கோணங்களில் படமெடுத்து உள்பக்கத்தைக் காட்டும் சிடி ஸ்கேன் நீளமானால், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் நீரே நகர்ந்துவிடும். அதனால் துண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் படலம் கட்டுவார்கள், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் எடை போடுவார்கள். எக்ஸ்ரேயை விட அந்தத் தராசுதான் இந்த வேலையின் சாட்சி.

உடம்பைப் பற்றிய பயத்துக்கு வருவோம். இப்படிச் சிறு துண்டுகளைப் படம் எடுப்பது பெரும்பாலும் ஈயக் கவசமிட்ட மூடிய பெட்டிக்குள். கதவு திறந்தால் கதிர் நின்றுவிடும். மின்சாரம் நின்றதும் கதிர் மிச்சம் இருக்காது, பலகையும் கதிரியக்கம் உடையதாக மாறாது. மலேசியாவில் இது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகிறது. கதிர்ப் பணியாளருக்கு வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), பொதுமக்களுக்கு 1. ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது மூன்றைக் கேளுங்கள்: கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி யார், உடம்பு வாங்கிய கதிரைப் பதிவு செய்யும் அளவுப் பட்டையை மாணவருக்குத் தருவார்களா, கதவுப் பூட்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள். உடனே பதில் வராத இடத்தில் பிள்ளையை விட யோசியுங்கள்.

எங்கே படிக்கலாம்? வீட்டுக்கு அருகே மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் உண்டு, மரம் சார்ந்த பொருள்களைப் பற்றிய தொழில்நுட்பப் படிப்பும் உண்டு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் துறை இருக்கிறது. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் 1929 முதல் இயங்குகிறது. தொழிற்பயிற்சிக்கு அங்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம். கருவியும் கணக்கும் பிடித்தால் இயற்பியலில் சேர்ந்து, கடைசி ஆண்டு ஆய்வை மரத்தில் செய்யட்டும். பசை, நார், அச்சு எந்திரம் பிடித்தால் மரப் பக்கம் போகட்டும். என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்கு இயற்பியல் வழிதான் பாதுகாப்பு. ஏனென்றால் "மர ஈர எக்ஸ்ரே நிபுணர்" என்று விளம்பரம் வரும் வேலைகள் மிகக் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டக்கூடாது. ஆனால் எக்ஸ்ரே படத்திலிருந்து எண்ணை எடுக்கும் திறமை பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில், சர்க்கியூட் போர்டின் சாலிடர் மூட்டுகளைச் சோதிக்கும் இடத்தில் அப்படியே உதவும். பலகை ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டிலும் எக்ஸ்ரே அடர்த்திமானிகள் இருக்கின்றன. பட்டத்தோடு ஐஎஸ்ஓ 9712 முறையிலான சேதமில்லாச் சோதனைச் சான்றிதழின் முதல், இரண்டாம் நிலைகளை எழுதினால் கதவு இன்னும் அகலத் திறக்கும்.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் ஒரு வாரம் கொடுங்கள். தளவாடக் கடையில் மீந்த பிளைவுட் துண்டு இரண்டு, ஒரே பலகையிலிருந்து, பத்து சென்டிமீட்டர் சதுரம். ஒன்றின் நான்கு ஓரத்தையும் அலுமினிய ஒட்டுநாடாவால் அடைக்கட்டும். இரண்டையும் ஒரு சென்டிமீட்டர் நீரில் படுக்கவைத்து, காலையும் மாலையும் துடைத்து, 0.1 கிராம் காட்டும் சமையல் தராசில் எடையும், வெர்னியரில் தடிமனும் எழுதட்டும். நீங்கள் நினைவூட்ட வேண்டாம். ஏழாம் நாள் அந்த நோட்டில் பதினான்கு வரிகள் இருக்கின்றனவா, எங்காவது எண் பொருந்தாதபோது அவளே திரும்ப எடை போட்டிருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்; அதைப் பார்த்துப் பாடத் தேர்வை வரிசைப்படுத்தலாம்.