ஒரே தூசியை இரண்டு கருவிகளில் அளந்தால் பனிக்கரு எண்ணிக்கை ஏன் பத்து மடங்கு மாறுகிறது? எதை நம்புவது?

கேட்டவர் இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவர். பனிக்கரு என்றால் நீர்த்துளியை உறைய வைக்கும் துகள். அவருடைய துளித்தட்டு, அதாவது தூசி கலந்த நீரைத் துளிகளாகவோ சிறு குழிகளிலோ வைத்துக் குளிரவிட்டு எத்தனை உறைகின்றன என்று எண்ணும் தட்டு, ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதே தூசியை வெளிநாட்டுக் குழு ஒன்று ஓட்டக் கலனில், அதாவது காற்றில் மிதக்கும் தூசியைக் குளிர்ந்த சுவர்களுக்கு நடுவே ஓடவிடும் கருவியில், அளந்து அனுப்பிய எண் பத்து மடங்கு அதிகம்.

பத்து மடங்குதானே தம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-ல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில் இல்லைட் என்ற களிமண் தூளை 17 முறைகளில் அளந்தார்கள். வெப்பநிலையாகப் பார்த்தால் சுமார் 8 டிகிரி இடைவெளி, எண்ணிக்கையாகப் பார்த்தால் ஆயிரம் மடங்கு. அளந்தவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் இல்லை.

முதலில் அடிப்படை. மேகத்தில் இருக்கும் தூய நீர்த்துளி பூஜ்யத்தில் உறையாது. மைனஸ் 38 டிகிரி வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமென்றால் உள்ளே ஒரு துகள் பிடிமானம் கொடுக்க வேண்டும். பாலைவனத் தூசியில் உள்ள பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் அதில் கெட்டிக்காரன். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா மைனஸ் 2 டிகிரியிலேயே வேலையை முடித்துவிடும். ஆனால் இத்தகைய துகள்கள் மிக அரிது: மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுக்கு ஒன்று என்பது பழைய கைக்கணக்கு. அதே கணக்கின்படி 4 டிகிரி குளிர்ந்தால் எண்ணிக்கை பத்து மடங்காகும். அப்படியானால் உங்கள் வெப்பமானி 1 டிகிரி பிசகினாலே விடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். உங்கள் பத்து மடங்குக்கு 4 டிகிரி பிசகே போதும்.

அதனால் முதல் சந்தேகம் வெப்பமானி மேல்தான் இருக்க வேண்டும். நான் இங்கே ஓர் ஆய்வகத்தில் சில வருடம் துளித்தட்டு பார்த்துக்கொண்டேன். எங்கள் வெப்ப உணரி தட்டுக்கு அடியில், உலோகக் கட்டைக்குள் இருந்தது. குளிரூட்டும்போது கட்டை முன்னே ஓடும், குழிக்குள் இருக்கும் தண்ணீர் பின்னே வரும். மைனஸ் 18-ல் உறைந்த துளியை நாங்கள் மைனஸ் 20 என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு குழிக்குள்ளேயே மெல்லிய உணரியை இறக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத் தரவு குப்பைக்குப் போனது.

நம்மூருக்கே உரிய இன்னொரு தொல்லை ஈரப்பதம். தட்டில் துளிகளைத் திறந்து வைத்தால் அவற்றுக்கு நடுவே வெண்பனி படரும். ஒரு துளி உறைந்ததும் அந்தப் பனி ஊர்ந்து போய் பக்கத்துத் துளியைத் தொட்டு அதையும் உறைய வைக்கும். கேமராவில் பார்த்தால் துளிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வெளுக்கும். தூசிக்கு அதில் பங்கே இல்லை! மூடி போட்டு உலர் நைட்ரஜன் விட்டால் சரியாகும். அதோடு, தூசி கலக்காத வெறும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் ஓட்டிப் பாருங்கள். அதுவே மைனஸ் 20-ல் உறைந்தால், அதற்குக் கீழே நீங்கள் அளந்ததெல்லாம் உங்கள் பைப்பெட் முனையின் அழுக்கு.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 96 குழி, ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டர், 48 உறைந்தன என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ மொத்தத் தண்ணீரால் நேராக வகுத்தால் மில்லிலிட்டருக்கு 10 கரு என்று வரும். ஆனால் உறைந்த குழி ஒன்றில் இரண்டு மூன்று கருக்கள் இருந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய 1971-ல் காபோர் வாலி என்ற ஆய்வாளர் தந்த சூத்திரத்தில் உறையாத பங்கின் மடக்கையை எடுப்பார்கள். விடை கிட்டத்தட்ட 14.

இனி அந்த ஓட்டக் கலன். பனி பூசிய இரண்டு சுவர்கள் வெவ்வேறு குளிரில் இருக்கும், நடுவே காற்று சில விநாடிகள் ஓடும். பனியாக வளர்ந்த துகளை அதன் பருமனை வைத்தே எண்ணுவதால், பெரிய தூசியை வாசலிலேயே வடிகட்டிவிடுவார்கள். உங்கள் தட்டிலோ பெரிய கட்டியும் தண்ணீருக்குள் இருக்கும், நிமிடக்கணக்கில் ஊறியும் கிடக்கும். அங்கே காற்றில் பறக்கும் உலர்ந்த துகள், இங்கே கலக்கிய குழம்பு. குழம்பில் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், அடியில் படியும். அப்போது அளக்கப்படும் பரப்பு குறைந்துவிடும். கலனிலும் குறை உண்டு: சில துகள்கள் நடு ஓட்டத்தை விட்டு விலகிப் போதிய ஈரம் கிடைக்காமல் தப்பும். அதை ஈடுகட்ட விடையை 3-ஆல் பெருக்கும் குழுவும் உண்டு. அனுப்பிய எண் பெருக்கியதா, பெருக்காததா என்று கேட்டீர்களா?

கரு எண்ணிக்கையைத் தூசியின் மேற்பரப்பால் வகுத்துச் சொல்வதும் உண்டு, அதனால் அந்தப் பரப்பையும் விசாரியுங்கள். வாயு உறிஞ்சலால் அளந்த பரப்பும், துகளை உருண்டை என்று வைத்துப் போட்ட பரப்பும் களிமண்ணில் வெகுதூரம் விலகும். ஒருவர் ஒன்றாலும் மற்றவர் இன்னொன்றாலும் வகுத்திருந்தால் சண்டை கருவிக்குள் இல்லை.

என் தேர்வைக் கேட்டால்: மைனஸ் 15-க்கு மேல் வெதுவெதுப்பான பக்கத்துக்குத் தட்டுதான், ஏனென்றால் அங்கே கருக்கள் அவ்வளவு அரிது, கலன் உறிஞ்சும் கொஞ்சக் காற்றில் ஒன்றுகூட மாட்டாது. மைனஸ் 25-க்குக் கீழே கலனை நம்புவேன். நடுவில் இருக்கும் பத்து டிகிரியில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே உங்கள் திட்டத்தின் சுவையான பகுதி. நம் தலைக்கு மேல் பூஜ்ய டிகிரி மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகல் இடிமேகம் அதைத் தாண்டி ஏறும்போது கடந்து போவதும் இதே பத்து டிகிரியைத்தான்.