மரத்துல இருக்குற சிவப்பு வெள்ளைக் கோடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பிரான்சில நடக்கிற பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதுறதைத் தொடர்ந்து வாசிக்கிறன். நான் பாரிஸ் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறன், வந்து 16 வருசம், ரெஸ்டோரண்ட் வேலை. போன ஏப்ரல் லீவுக்கு கஹோர் எண்ட டவுனில இருக்கிற கூட்டாளி வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனனான். அவவுக்கு 12 வயசு. ஒருநாள் பூஸியெஸ் எண்ட ஊருக்குப் போனம். லோட் ஆத்துக்குப் பக்கத்தால ஒரு பாதை மரங்களுக்குள்ள போகுது, நல்ல வடிவு, மகள் முன்னால ஓடுறா. கொஞ்சத் தூரத்தில ஒரு மரத்தில சிவப்பும் வெள்ளையுமா பெயின்ட் அடிச்சிருந்தது. எனக்குக் கால் நிண்டிட்டுது. நான் வன்னியில மிதிவெடி இருக்கெண்டு வைக்கிற சிவப்புப் போர்டில மண்டையோட்டைப் பாத்து வளந்தவன், அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது எண்டு பள்ளிக்கூடத்திலயே சொல்லித் தந்தவை. இது வேற நாடு எண்டு மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியேல்ல. மகளைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வந்திட்டன். ஏன் அப்பா திரும்பினீங்கள் எண்டு அவ இண்டைக்கும் கேக்கிறா. அந்தக் கோடு என்ன அக்கா? அது ஆரின்ர காணி? எங்களை மாதிரி ஆக்கள் போனா யாரும் ஏதும் சொல்லுவினமோ?

(பெயர் போட வேண்டாம்)

தம்பி,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். காலுக்குத் தெரியேல்லன்னு எழுதியிருந்தீங்களே, அந்த இடத்துல கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மொதல்ல ஒண்ணு, அன்னிக்கு நீங்க திரும்புனதுல எந்தத் தப்பும் இல்ல, கூட பிள்ள இருக்கும்போது சந்தேகம் வந்தா திரும்புறதுதான் சரி. ஆனா அந்தக் கோடு என்னன்னு தெரிஞ்சா நீங்க மறுபடி போவீங்க, போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை, அதுக்காகத்தான் நீளமா எழுதுறேன்.

மேல வெள்ளை, கீழ சிவப்பு, ரெண்டும் விரல் நீளத்துக்குப் பட்டையா இருந்திருக்கும். "வழி இதுதான், வாங்க"ன்னு அர்த்தம். அவ்வளவுதான் தம்பி. கிரான்ட் ராந்தோனே, சுருக்கமா ஜி.ஆர்.னு சொல்ற நெடுந்தூரப் பாதைகளுக்கான அடையாளம் அது. 1947ல லுவார் ஆத்தோரமா ஓர்லெயான்லேர்ந்து போஜான்சி வரைக்கும் மொதல் துண்ட திறந்தாங்க, ஜான் லுவாசோன்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிகளும் சேந்து ஆரம்பிச்ச வேலை, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ரெண்டே வருசம் ஆகியிருந்த நேரம். இன்னிக்கு சின்னப் பாதைகளையும் சேத்தா நாடு முழுக்க 1,80,000 கிலோமீட்டருக்கு மேல அடையாளம் போட்ட பாதை இருக்கு. மஞ்சக் கோடு மட்டும் இருந்தா ஒரு நாளுக்குள்ள நடந்து முடிக்கிற சின்ன சுத்துப்பாதை. சிவப்பும் வெள்ளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்க இருந்தா இது உங்க வழி இல்ல, திரும்பிப் போய் கடைசியா பாத்த கோட்ட தேடுங்கன்னு அர்த்தம். அந்தப் பெருக்கல் குறியப் பாத்தும் பயப்படாதீங்க, அதுக்குப் பின்னாடி ஆபத்து எதுவும் இல்ல, வழி மட்டும்தான் வேற.

இந்தக் கோட்ட போடுறது யாருன்னு தெரியுமா? சம்பளம் வாங்காம வர்ற ஆளுங்க, நெறைய பேர் ரிட்டையர் ஆனவங்க. ரெண்டு வருசம் முன்னாடி செலே ஆத்துப் பக்கம் அப்படி ஒரு பெரியவரோட ஒரு நாள் முழுக்க நடந்தேன். பையில வெள்ளை ஒரு டப்பா, சிவப்பு ஒரு டப்பா, கம்பி பிரஷ், செடி வெட்டுற கத்திரி, ஒரு பழைய துணி. ஒவ்வொரு மரத்துலயும் பட்டைக்கு அடிபடாம பாசிய மட்டும் சொரண்டி எடுத்துட்டு, துணியால தொடச்சு, மொதல்ல வெள்ளைய இழுத்தாரு, நடுவுல கொஞ்சம் எடம் விட்டு சிவப்பு. அதுக்கப்புறம் பத்து பதினஞ்சு அடி பின்னால போய் நின்னு பாத்தாரு. சரியா வந்திருக்கான்னு பாக்குறாருன்னு நெனச்சேன், இல்ல, அந்த எடத்துல மொதல் தடவையா வர்ற ஒருத்தர் கண்ணுக்கு இது படுமான்னு பாக்குறாராம். எதிர்ப்பக்கம் போயும் அதே மாதிரி நின்னாரு, ஏன்னா அங்கேருந்தும் ஆள் வருவாங்கல்ல, மரத்தோட அந்தப் பக்கத்துலயும் ஒரு கோடு போட்டாரு. நீங்க பாத்த கோட்டையும் அப்படி ஒருத்தர்தான் போட்டிருப்பாரு, அவரு முகம் தெரியாம நெனச்சுகிட்ட ஆள்ல நீங்களும் உங்க மகளும் உண்டு.

யார் காணின்னு கேட்டீங்க. நல்ல கேள்வி, இங்கயே பொறந்தவங்க கூட நெறைய பேருக்கு இதுக்குப் பதில் தெரியாது. பிரான்ஸ் காட்டுல முக்கால் பங்கு தனியார் கையிலதான் இருக்கு. ஆனா காட்டுக்கும் வயலுக்கும் நடுவுல போற பழைய கிராமப் பாதைகள் பெரும்பாலும் 'ஷெமான் ரூரால்', அதாவது அந்தந்த ஊரோட, கம்யூனோட சொத்து, ஜனங்க நடக்குறதுக்குன்னு உள்ளது. இங்க ஒரு விஷயம் இருக்கு, இத நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகிட்டே இருப்பேன். யாரும் நடக்காம விட்டுப்போன பாதைய, பொது விசாரணை ஒண்ண வச்சு முடிச்சுட்டு, ஊர் வித்துட முடியும். ஜனங்க வழியா பயன்படுத்துறாங்கன்னா அது பொதுப் பாதைங்குறதுக்கு அதுவே ஒரு ஆதாரம், சட்டத்துல அப்படித்தான் இருக்கு. போருக்கு அப்புறம் டிராக்டர் ஓட்ட வசதியா வயல்கள ஒண்ணு சேத்தாங்க, அப்ப வேலியோட வேலியா எவ்வளவோ பாதை அழிஞ்சு போச்சு. 1983 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாவட்டமும் நடக்குற பாதைகளுக்கு லிஸ்ட் போட்டு காப்பாத்துது, லிஸ்ட்ல இருக்குற கிராமப் பாதைய விக்கணும்னா பதிலுக்கு வேற பாதை காட்டணும். அதனால நீங்க ரெண்டு பேரும் நடந்தா யாரு என்ன சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க, நீங்க நடக்குறதால அந்தப் பாதை பாதையா இருக்குது தம்பி, பிறந்தவங்க வந்தவங்கன்னு அதுல வித்தியாசமே கிடையாது.

தனியார் நிலத்து வழியா கோடு போனா பெரும்பாலும் சொந்தக்காரர் சம்மதிச்சிருப்பாரு, பாதைய விட்டு விலகாம இருந்தா போதும். 2023 பிப்ரவரியில வந்த சட்டப்படி தனியார் இடம்னு தெளிவா எழுதி வச்சிருக்குற நிலத்துக்குள்ள போனா அபராதம் உண்டு. மாட்டுக்காக வச்சிருக்குற கேட்ட தொறந்தா கண்டிப்பா மூடுங்க. இத்தன வருசத்துல என்னப் பாத்து ஒரே ஒரு விவசாயிதான் கத்தியிருக்காரு, நான் கேட்ட தொறந்து போட்டுட்டு வந்துட்டேன், கன்னுக்குட்டிங்க ரோட்டுக்கு வந்துருச்சு, அவரு கத்துனது நியாயம். மத்தபடி எதிர்ல யார் வந்தாலும் நீங்களே மொதல்ல 'போன்ஜூர்'னு வணக்கம் சொல்லிடுங்க, கிராமத்துல அது ரொம்ப முக்கியம்.

இப்ப நீங்க விட்டுட்டு வந்தது என்னன்னு சொல்றேன். பூஸியெஸ்லேர்ந்து அந்தப் பாதையில இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சுண்ணாம்புப் பாறை நேரா ஆத்துக்குள்ள எறங்கும், கரையே இருக்காது, அந்த இடத்துல பாறையவே குடைஞ்சு பாதை எடுத்திருக்காங்க. 19ஆம் நூற்றாண்டுல சரக்குப் படகுகள நீரோட்டத்துக்கு எதிரா கயித்தக் கட்டி இழுத்துப் போறதுக்காக வெட்டுனது. அப்புறம் ரயில் வந்துச்சு, படகுத் தொழில் போச்சு, பாதை மட்டும் நின்னுருச்சு. தலைக்கு மேலயும் பாறை, ஒரு பக்கமும் பாறை, மறுபக்கம் ஆறு. காலையில போனா தண்ணியில படுற வெயில் மேல பாறையில நெளிஞ்சுகிட்டே இருக்கும், நான் அங்க நின்னா நகர மாட்டேன். டேனியல் மோனியேன்னு ஒரு சிற்பி பாறைச் சுவத்துல மீனு, சிப்பியெல்லாம் செதுக்கியிருக்காரு, உங்க மகள் தொட்டுப் பாக்கட்டும். மகள பாறை ஓரமா நடக்க வைங்க. பாறை விழுற அபாயம் இருந்தா இந்த மாதிரி பாதைய மூடி வைப்பாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி டூரிஸ்ட் ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுடுங்க. அப்படியே ஜி.ஆர். 36 கோட்ட புடிச்சுகிட்டு போனா மொத்தம் ஒரு அஞ்சு கிலோமீட்டர்ல சேன்-சிர்க்-லபோப்பி, மலை விளிம்புல ஒட்ட வச்ச மாதிரி ஒரு ஊர், மேலேருந்து பாத்தா நீங்க நடந்து வந்த ஆறு முழுசும் தெரியும்.

மறுநாள் எதிர்த் திசையில கப்ரெரே போங்க, செலே ஆத்துக் கரையில இருக்கு. அங்க பெஷ் மெர்ல் குகை, 1922ல ரெண்டு பசங்க உள்ள தவழ்ந்து போய்க் கண்டுபிடிச்சது. புள்ளி போட்ட குதிரை ரெண்டு இருக்கு, 29,000 வருசத்துக்கு முன்னாடி வரைஞ்சது, ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. களிமண் தரையில ஒரு பிள்ளையோட காலடித் தடம் இருக்கு, பத்துப் பன்னெண்டு தடம், உங்க மகள் வயசு இருக்கும். நான் அங்க அழுதுட்டேன். டிக்கெட் முன்னாடியே புக் பண்ணணும்.

வேட்டை சீசன் செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும், அந்த மாசங்கள்ல போனா பளிச்சுனு தெரியுற கலர்ல ஜாக்கெட் போடுங்க, வேட்டை நடக்குதுன்னு போர்டு வச்சிருந்தா அங்க மட்டும் திரும்பிடுங்க. ஏப்ரல், மே நல்லது. ஆகஸ்ட் வேண்டாம், ஆத்த விட்டு மேட்டுக்கு ஏறுனா அங்க கோஸ்னு சொல்ற சுண்ணாம்பு மேடு, மழைத் தண்ணிய அப்படியே உள்ள உறிஞ்சிடும், கட்டை ஓக் மரமும் கல்லும்தான், குடிக்க ஒரு சொட்டு கிடைக்காது. தண்ணி தீந்துட்டா ஊர்க் கல்லறைத் தோட்டத்த தேடுங்க, அங்க பெரும்பாலும் குழாய் இருக்கும், குடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. புல்லுல உண்ணி உண்டு, ராத்திரி மகளோட முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி பாருங்க. ஐ.ஜி.என்.னு சொல்ற அரசாங்க வரைபட நிறுவனத்தோட மேப்ல 1:25,000 அளவு உள்ளத வாங்குங்க, ஒரு சென்டிமீட்டர்னா 250 மீட்டர், போன்ல சிக்னல் போயிரும்.

இந்தத் தடவ நீங்க பின்னாடி வாங்க, மகள் முன்னாடி போகட்டும். அடுத்த கோடு எங்க இருக்குன்னு அவ கண்டுபிடிச்சு சொல்லட்டும், அவ சொன்ன மரத்துகிட்ட வந்ததும் வேணும்னா கொஞ்ச நேரம் நில்லுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும். ஏன் நிக்கிறீங்கன்னு அவ கேட்டா, அந்தச் சிவப்புப் போர்டப் பத்தி அவகிட்ட சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேரும் நடங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க தம்பி.

அன்புடன்,
அக்கா