பரிசாகக் கிடைத்த பழைய கைக்கடிகாரம் மிகவும் தேய்ந்திருக்கிறது. புதிதுபோல மாற்றிவிடலாமா, அப்படியே கட்டிக்கொள்ளலாமா?

உள்ளே இருக்கும் எந்திரத்துக்கு எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்யுங்கள். டயலில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பெரியப்பா தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த சாவிக் கடிகாரத்தை இன்றும் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைச் சீர்செய்தபோதும் இந்த முடிவில்தான் உறுதியாக நின்றேன்.

ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் தினமும் சாவி கொடுத்து ஓட்டாதீர்கள். பல ஆண்டுகள் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் உலர்ந்து பசையாகியிருக்கும், அல்லது அறவே இல்லாமல் போயிருக்கும். பழைய கடிகாரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 துடிப்பு வேகத்தில் ஓடுபவை. நொடிக்கு ஐந்து 'டிக்'. ஒரு நாளைக்கு 4,32,000. அத்தனை முறையும் மயிரிழை பருமனுள்ள எஃகு அச்சு முனைகள் எண்ணெய் இல்லாமல் உரசினால் என்ன ஆகும்? அச்சுகள் சுழலும் இடத்தில் செயற்கை மாணிக்கக் கல் பதித்திருப்பார்கள். டயலில் '17 கல்' என்று போட்டிருப்பது அதைத்தான். கல் எளிதில் தேயாது, எஃகு தேய்ந்துவிடும். ஓடுகிற கடிகாரம்தானே என்று விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய தீங்கு.

எனவே முதலில் முழு சர்வீஸ். முழு சர்வீஸ் என்றால் ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, கழுவி, இடத்துக்கேற்ற எண்ணெய் இட்டு மீண்டும் பூட்டுவது. மூடியைத் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறவரிடம் கொடுக்காதீர்கள். புது எண்ணெய் பழைய அழுக்கோடு கலந்து சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். சாவி கொடுக்கும்போது சுருண்டு, கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் பழைய எஃகாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், 'டிக்' ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லலாம். முழுச் சாவி கொடுத்துப் படுக்கவைத்த நிலையில் பேலன்ஸ் வீலின் (இருபுறமும் மாறி மாறி ஆடி நேரத்தை ஒழுங்குபடுத்தும் சக்கரம்) வீச்சு 270 பாகையை ஒட்டி இருந்தால் மனநிறைவோடு வாங்கி வரலாம். 200-க்குக் கீழே என்றால் உள்ளே இன்னும் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது.

இனி டயல். புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக வண்ணம் பூசி எழுத்துகளை அச்சடிப்பார்கள். முதலில் இருந்த எழுத்தின் கூர்மையும் இடைவெளியும் அதில் அநேகமாகத் திரும்பக் கிடைக்காது. செய்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. பெரியப்பாவின் கடிகாரத்தில் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே டயலின் ஓரம் தேநீர் நிறத்தில் பழுத்திருக்கிறது. பதினொன்றின் பக்கம் இன்னும் வெள்ளி மினுக்கம் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டும் வேண்டும். பின்மூடியின் உட்புறத்தையும் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழுதுபார்த்தவர்கள் ஊசிமுனையால் தேதியும் அடையாள எழுத்தும் கீறி வைக்கும் வழக்கம் உண்டு. என்னுடையதில் அப்படி வெவ்வேறு கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. அந்த மூடியைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

கண்ணாடி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. பழையவற்றில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். மேலோட்டமான கீறல்கள் பாலிஷ் பசையில் போய்விடும், விரிசல் என்றால் மாற்றிவிடலாம். கடிகாரத்தின் வெளி உலோக உறையைப் பாலிஷ் செய்யத் தூண்டினால் மறுத்துவிடுங்கள். விளிம்புகள் மழுங்கும். பித்தளைமேல் முலாம் பூசிய உறையாக இருந்தால் முலாமே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய கடிகாரத்தின் எண்களிலும் முட்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்க வாய்ப்புண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிரியக்கம் போய்விட்டது என்று பொருளல்ல. கதிரியக்கம் பட்டு ஒளி தரும் பாஸ்பர் என்ற பொருள்தான் செத்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூள் உடலுக்குள் போவதுதான் ஆபத்து. கொடுக்கும்போது பழுதுபார்ப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நீர் புகாது என்று பின்மூடியில் பொறித்திருந்தாலும் நம்பாதீர்கள், ரப்பர் வளையம் எப்போதோ இறுகிப்போயிருக்கும். கை கழுவும்போது கழற்றி வைப்பது நல்லது. சர்வீஸ் முடிந்து வாங்கும்போது, மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி ஒரு சிறு பொட்டலமாகக் கடிகாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, சாவி கொடுக்கப் பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகு. அசல் திருகு பின்னால் தேடினால் எளிதில் கிடைக்காது.