மகள் கையில் எந்த வாட்ச் கட்டுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

குமுளியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். நான் கடையில் காய் பொறுக்குகிறேன். மகளுக்கு ஆறு வயது, பள்ளிக்கு ஆட்டோவில் போய் வருகிறாள். மழை நாளில் பத்து நிமிடம் பிந்தினாலும் எனக்குக் கை ஓடாது. ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? கேமரா, கேம், அவளுக்குத் தெரியாமல் அங்கே பேசுவதைக் கேட்கும் வசதி எல்லாம் இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.

ச., குமுளி

அன்புள்ள ச.,

வாங்குங்கள். இந்த வயதில் போன் கொடுப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. ஆனால் கடைக்காரர் சொன்ன மூன்றும் வேண்டாம்.

உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது சிக்னல். மலிவு வாட்ச் பலவும் பழைய 2ஜி நெட்வொர்க்கில்தான் ஓடும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி வாட்ச்தானா என்று கேட்டு வாங்குங்கள். போடப்போகும் சிம்மை முதலில் உங்கள் போனில் போட்டு, பள்ளி வாசலிலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த வளைவில் டவர் போகிறது என்று தெரிந்துவிடும். 18 வயதுக்குக் கீழே சிம் தர மாட்டார்கள், உங்கள் பெயரில் எடுங்கள்.

அப்புறம், வரைபடத்தில் தெரியும் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். என் தங்கை மகன் குமுளியில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், புள்ளி மலைக்குக் கீழே லோயர் கேம்ப்பில் நிற்கிறது! தங்கை அழுதுகொண்டே பள்ளிக்கு ஓடினாள். கூரைக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. அப்போது வாட்ச், கையில் கிடைத்த டவரை வைத்து இடத்தைக் கணக்குப் போடும். கேரள, தமிழ்நாட்டு எல்லையில் அந்த டவர் எந்தப் பக்கத்தது என்று யார் கண்டது? புள்ளி குதித்தால் பதறாமல் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒட்டுக்கேட்கும் வாட்ச் வேண்டவே வேண்டாம். 2017 நவம்பரில் ஜெர்மனி இந்த வகை வாட்சுகளையே தடை செய்தது, வாங்கியவர்கள் அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. டீச்சர் பாடம் நடத்துவதையும் பக்கத்துப் பிள்ளை அழுவதையும் நாம் களவாகக் கேட்பது தவறு. உங்களுக்குக் கேட்கும் வழி இருந்தால், பூட்டு சரியில்லாத செயலியில் வேறொருவனும் அதே வழியில் நுழையலாம். முதல் நாளே வாட்ச் செயலியின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு ஐபி67 என்ற குறி இருந்தால் போதும். ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிச் சார்ஜில் போடுங்கள், பட்டைக்கு அடியில் ஈரம் நின்றால் தோல் வெந்துவிடும்.

மகளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஆபத்தில் உங்களைக் கூப்பிடும் எஸ்ஓஎஸ் பொத்தானைச் சில நொடி விடாமல் அழுத்த வேண்டும். சில வாட்சில் அது கல் மாதிரி இருக்கும், அந்தக் குட்டி விரல் வழுக்கும். அவளே அழுத்தி, உங்கள் போன் அடிக்கிறதா என்று பார்த்தபின் காசு கொடுங்கள்.

எஸ்ஓஎஸ் எண்களில் உங்களுடையது முதலில். வீட்டுக்காரர் எண்ணை இரண்டாவதாகப் போடாதீர்கள், தோட்டத்து வழியில் அவருக்கு டவர் இருக்காது. பக்கத்து வீட்டுச் சேச்சியின் எண்ணைப் போட்டு, வாட்சின் எண்ணை அவர் போனில் இன்றே பதிந்து கொடுங்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடக் கூடாது.