வலிப்பு நின்றுவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தம்பிக்கு வலிப்பு. இரண்டு வருஷமாக ராத்திரி கார்டினால் 60 போடுகிறான், ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது லோக்கல் ரயிலில் நின்றபடியே கண் சொக்குகிறதாம். "அதான் சரியாயிடுச்சே, நிறுத்திடு" என்கிறார் அம்மா. நிறுத்தலாமா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள் சகோதரி. கார்டினால் என்பது பினோபார்பிட்டோன், 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படும் மருந்து. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையை அது கூட்டுவதால்தான் வலிப்பும் அடங்குகிறது, தூக்கமும் வருகிறது, ஒரு காலத்தில் பதற்றத்துக்கும் இதையே கொடுத்தார்கள். இதற்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று மருந்து இல்லாமல் போனால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து. உடம்பிலிருந்து பாதி மருந்து வெளியேறவே மூன்று நான்கு நாள் ஆகும், அதனால் முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, தூக்கம்? நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், ஆனால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. அதுவரை ரயில் வாசலில் நிற்க வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் கூடாது. அப்புறம், அட்டையில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.